பேச்சியம்மா கையில் ஒரு வாக்குச்சீட்டு

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்க வேண்டியதே இல்லை. 'உள்ளூராட்சியும் நாமும்' என்று நாலு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். இப்படித் தொடங்கினேன்:

உள்ளூராட்சி மன்றமானது மக்களுக்கு மிக அண்மையிலுள்ள ஆட்சி அலகாகும். ஆகையினால்

ஆகையினால் என்ன? எனக்கே கொட்டாவி வந்தது. அந்த நேரம் பார்த்துப் பேச்சியம்மா ஞாபகத்தில் வந்து நின்றார். 1994இல், வன்னியின் ஒரு சிறு நகரத்தில் (பெயர் போடமாட்டேன், அந்த நகரசபைக்காரர் இன்றும் என்னைக் கண்டால் தேத்தண்ணி வாங்கித் தருகிறார்கள்) வாக்களிப்பு நிலையத்தில் விரலுக்கு மை பூசியவன் நான். அவருடைய விரலுக்கும் நான்தான் பூசினேன்.

2
மதகு உடைந்திருந்தது.

இந்தத் தொடக்கம் பரவாயில்லை, இதிலேயே போவோம். பேச்சியம்மா வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் முகப்பில் இருந்த மதகு அது. மாரியில் அங்கே இடுப்பளவு தண்ணீர், வாகனம் உள்ளே வராது. மருமகள் தயாளினிக்குக் கார்த்திகையில் பிள்ளை. வெள்ளமும் கார்த்திகையில்தான்.

பேச்சியம்மா சும்மா இருக்கிற ஆளா? மகனைப் பிடித்து, முந்தின வருசமே சனாதிபதிக்கு மனு எழுதுவித்திருந்தார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்தவர். குறை சொன்னால் பெரிய துரைக்குச் சொல்லவேண்டும், கணக்கப்பிள்ளைக்குச் சொல்லி ஆன காரியம் ஒன்றுமில்லை என்பது அவர் பட்டறிவு. மனு கொழும்பு போய், மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்கு வந்து, எட்டு மாதம் கழித்து நகரசபையில் இறங்கியது. நகரசபை பேச்சியம்மா வீட்டிலிருந்து பத்து நிமிட நடை.

(துண்டுப்பிரசுரத்துக்கு: மதகு, தெருவிளக்கு, சந்தை, குப்பை எல்லாம் நகரசபை வேலை. சனாதிபதிக்கு நேரமில்லை, பாவம்.)

3
நேசமலர் ரீச்சரை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நகரசபைத் தேர்தலில் நின்றவர். நல்லவராக எழுதினால் கட்சிக்காரன் என்பீர்கள். கெட்டவராக எழுத மனச்சாட்சி விடாது. சைக்கிளில் வந்து சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

"என்னை அனுப்பினீங்களெண்டா மாரிக்கு முதல் மதகு. செய்யாட்டி என்ரை படலையிலை வந்து நிண்டு ஏசுங்கோ."

பேச்சியம்மாவுக்கு இரண்டாவது பேச்சுத்தான் பிடித்தது. சனாதிபதியின் வாசற்படலை எங்கே என்று அவருக்குத் தெரியாது. ரீச்சரின் படலை தெரியும்.

4
தேர்தல் நாள். பேச்சியம்மா மறைப்புக்குள் சின்னத்துக்கு நேரே புள்ளடி போட்டு, சீட்டை நாலாக மடித்து, பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். நின்றவர் நின்றவர்தான்.

"அம்மா, பெட்டிக்குள்ளை போடுங்கோ," என்றார் தலைமை அலுவலர் வீரகத்தி.

"போடுறேங்கய்யா. மொதல்ல ரசீது குடுங்க."

"என்ன ரசீது?"

"இந்தப் பேப்பர ஒங்ககிட்ட குடுத்ததுக்கு."

"இது ரகசிய வாக்கு அம்மா. ரசீது எழுதேலாது."

"நீங்க எழுதுங்க. நான் ரகசியமா வச்சுக்கிறேன்."

"உள்ளுக்கை என்ன, சமையலே நடக்குது?" என்று வரிசையில் யாரோ கத்தினார்கள். நானும் சிரித்தேன்.

பேச்சியம்மா சிரிக்கவில்லை. "எங்க வீட்டுக்காரரு பிரஜாவுரிமைக்கு எழுதுன பேப்பர இப்பிடித்தான் குடுத்தாரு. ரசீது வாங்கல. பொறகு போய்க் கேட்டா, வரவே இல்லன்னுட்டாங்க. இருவது வருசம் எங்களுக்கு நாடு இல்ல, ஓட்டும் இல்ல. இதுதாங்கய்யா மொத ஓட்டு."

என் சிரிப்பை நினைக்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

5
முடிவு ஒன்று: ரீச்சர் ஒரே ஒரு வாக்கால் வென்றார். கிழித்துவிட்டேன். அப்படி வெல்வது துண்டுப்பிரசுரத்தில் மட்டும்தான்.

முடிவு இரண்டு: பேச்சியம்மா சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ரீச்சர் தோற்றார். கார்த்திகை வந்தது. தயாளினிக்கு வலி எடுத்தபோது ஒழுங்கையில் தண்ணீர்

ஐயோ, வேண்டாம். இதை எழுத எனக்கு மனம் வராது.

நடந்தது இது. பேச்சியம்மா பெட்டியின் வாய்க்கு மேலே கையை வைத்துக்கொண்டு, வீரகத்தியை விட்டுவிட்டு, வரிசைப் பக்கம் திரும்பினார்.

"சரி, ரசீது வேணாம். சாட்சி தாங்க. மழைக்கு முந்தி மதகு வரலேன்னா, என்கூட வந்து கேக்கிறது யாரு?"

வீரகத்தி கூரையைப் பார்த்தார். நான் மைப்போத்தலின் மூடியைத் திருகினேன்.

யாரோ கையைத் தூக்கியதாக எழுதினால் கதை அழகாக முடியும். ஆனால் நான் தூக்கவில்லை, ஆகையினால் அதை எழுத எனக்கு உரிமையில்லை. வரிசையில் அடுத்த ஆள் நீங்கள். பேச்சியம்மா இப்போது உங்களைத்தான் பார்க்கிறார்.