அணைந்த விளக்கு

மூன்றாவது தடவையாக அவள் கட்டிலருகே நர்ஸைக் கூப்பிடும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். கதவுக்கு மேலே விளக்கு எரிந்தது. வயிற்றில் அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். அப்பாவுக்கு வயிறு கல்லாக இறுகி, முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"விடும்மா. அவங்களுக்கு எத்தன வேலையோ."

"நீங்க சும்மா இருங்கப்பா. நானே போய்க் கூட்டிட்டு வரேன்."

நடைகூடம் முழுக்கப் பிற்பகல் வெயில். துடைத்த தரையில் வெளிச்சம் தண்ணீர்போல் தேங்கி நின்றது. நடக்க நடக்கத் தூரம் கூடிக்கொண்டே போனது. நர்ஸ் மேஜையில் ஈ காக்கை இல்லை. திரும்பி வந்தபோது விளக்கு அணைந்திருந்தது. சரி, யாரோ பார்த்துவிட்டார்கள், இதோ வந்துவிடுவார்கள் என்று நம்பி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அரை மணி கழித்து, அவள் போட்ட கூச்சலில் நர்ஸ்களெல்லாம் ஓடிவந்தபோது அந்தக் கை சில்லிட்டிருந்தது.

'மணியடித்தும் யாரும் வரவில்லை' என்று குடும்பம் கொடுத்த புகாருக்கு, மருத்துவமனையின் காப்பீட்டு நிறுவனம் ஐந்து மாதம் கழித்துப் பதில் அனுப்பியது. தம்பி நின்றபடியே படித்தான்.

"'மூன்று அழைப்புகளும் ஒரு நிமிடத்துக்குள் நோயாளியின் படுக்கையிலிருந்தே ரத்து செய்யப்பட்டுள்ளன. பணியாளர்மீது தவறில்லை.' வாய் கூசாம எழுதியிருக்கானுங்க, பாருக்கா!"

சிவப்புப் பொத்தானுக்குக் கீழே, அழைப்பை நிறுத்துவதற்கு, சாம்பல் நிறத்தில் இன்னொன்று இருந்தது அவளுக்கு நினைவு வந்தது. மூன்று தடவையும் அவள் வெளியே போய்த் தேடியிருந்தாள்; அப்போதெல்லாம் அறையில் அப்பா மட்டும்தான். அப்பா முப்பத்தாறு வருஷம் ஆபீஸ் பியூன். எந்த அறையில் மணியடித்தாலும் ஓடியவர். வீட்டில் பால்காரர் மணியடித்தாலும் அரைத் தூக்கத்தில் "இதோ வந்துட்டேன் சார்" என்று எழுந்து உட்காருவார், வீடே சிரிக்கும்.

"பொய் இல்லடா. அப்பாதான் நிறுத்தியிருக்காரு."

"நீ பாத்தியா?"

"பாக்கல."

"அப்போ சும்மா இரு. அவனுங்க பக்கம் பேசாத."

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "அவரேதான். இத்தன வருஷத்துல எங்கிட்ட ஒரு டம்ளர் தண்ணி கேட்டதில்ல. அதப் பெருமையா வேற சொல்லிட்டுத் திரிஞ்சேன்." மடித்த துணியையே மறுபடி உதறினாள். "கூப்பிட்டிருக்கக் கூடாதா அந்த மனுஷன்?"

அவளுக்கு அப்பாமேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே இன்னொரு கோபமும். ஒரு தாளை எடுத்து எழுதினாள்: 'ஆம், என் தந்தைதான் நிறுத்தியிருப்பார். மூன்று தடவை கூப்பிட்டு மூன்று தடவையும் வேண்டாம் என்றவருக்கு என்ன ஆயிற்று என்று உங்களில் ஒருவராவது எட்டிப் பார்த்தீர்களா?'

தம்பி எட்டிப் படித்தான். "இத அனுப்பினா கேஸ் நிக்காதுக்கா."

"நிக்கலன்னா போகட்டும்."

ஜன்னல் திரை உப்பி, மெல்ல அடங்கியது. அம்மா மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"என் கண்ணாடிய எடுத்துக் குடுடா."

கண்ணாடி அம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. தம்பி எடுத்துக் கொடுத்தான். அவள் அதைப் போட்டுக்கொண்டு, மகளின் கையெழுத்துக்குக் கீழே, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.