கண்ணாடி இல்லாத உயரம்

மலைமுகட்டின் இரு பக்கமும் சரிவு. நடுவில் ஓர் ஆள் போக மட்டும் பாறை. அவன் தவழ்ந்து போனான்.

"என் பொண்ணு இப்படித்தான் போவா, நடக்கப் பழகறதுக்கு முன்னாடி," என்றான் முன்னால் போன ஒட்டகம்.

"வாயை மூடிட்டுப் போடா."

ஒட்டகத்துக்குக் கழுத்து நீளம். பெயர் அப்படி வந்தது. இருவரும் உயரமான கட்டடங்களின் கண்ணாடியை வெளியிலிருந்து துடைப்பவர்கள். கயிற்றில் தொங்கும் ஒரே பலகையில் ஆளுக்கொரு முனை. ஒட்டகத்தின் முனையில் மோட்டார் விசை. மறுமுனையிலிருந்து இவன் காலால் இரண்டு தட்டுத் தட்டினால் தயார் என்று பொருள். ஒட்டகம் விசையை அழுத்துவான், பலகை நகரும்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒருநாள் காற்றில் பலகை சாய்ந்தது. இடுப்புப்பட்டை அவனைப் பிடித்துக்கொண்டது. இறங்கிய பிறகு கால் தரையை விட்டு எழும்ப மறுத்துவிட்டது. அன்றிலிருந்து அவனுக்கு வரவேற்பறைக் கண்ணாடிக் கதவுகள்தான். விரல் அடையாளங்கள், குழந்தைகளின் மூக்குத் தடங்கள்.

திங்கட்கிழமை அவன் பலகையில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அந்த முனைக்கு வேறு ஆள். மேற்பார்வையாளர் நல்ல மனிதர், நிறையவே பொறுத்துவிட்டார்.

"கீழயே இருங்களேன். என்ன குறைஞ்சு போச்சு?" என்றாள் மனைவி. மேலே நிற்கையில், கண்ணாடிக்குள் அவன் தோளுக்குப் பின்னால் பறவைகள் போகும். அதை எப்படிச் சொல்வது?

"பலகை ஆடும், பாறை ஆடாது. அங்க வந்து பழகிக்கோ," என்று ஒட்டகம்தான் இழுத்து வந்திருந்தான்.

பாறை ஆடவில்லைதான். அவன்தான் ஆடினான்.

மேகம் சத்தமில்லாமல் ஏறி வந்தது. முதலில் சரிவுகள் போயின. பிறகு ஒட்டகத்தின் முதுகு. கடைசியாக அவன் கைகள்.

"அசையாத மாப்ளே. தானா விலகும்," என்றது குரல், எங்கிருந்தோ.

அவன் பாறையைக் கட்டிக்கொண்டு கிடந்தான். மேலும் கீழும் ஒரே வெள்ளை. விழுவதற்கு இடமே இல்லாததுபோல் இருந்தது. மூச்சு மெல்லச் சீரானது. முகத்துக்கு நேரே அந்த வெள்ளை, நுரை பூசிய கண்ணாடி மாதிரி நின்றது. நுரையை அப்படியே காயவிடக் கூடாது.

அவன் எழுந்தான். மேல் மூலை எட்ட வேண்டுமே. இடது மூலையில் கை வைத்து, குறுக்கே இழுத்து, மணிக்கட்டைத் திருப்பி, மறுபடி இழுத்தான். தோள் பழைய சுகத்தில் தளர்ந்தது. இன்னொரு இழுப்பு. வெள்ளை கிழிந்தது. உள்ளே ஓர் ஆறு, ஒரு சாலை, சாலையில் எறும்பாய் ஒரு லாரி. அவன் காலுக்குக் கீழே பறவைகள்.

அப்போதுதான் தெரிந்தது. நின்றுகொண்டிருக்கிறான். எதையும் பிடிக்காமல்.

உட்காரத் தோன்றியது. உட்காரவில்லை.

எதிர்ப் பாறையில் ஒட்டகம் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை நேரமாகவோ.

"மூலையில கோடு விட்டுட்டே மாப்ளே."

அவன் திரும்பிப் பார்த்தான். வானத்தின் வலது மூலையில் கொஞ்சம் மேகம் மிச்சமிருந்தது.

"திங்கக்கிழமை நீ விடற கோட்டையும் பாக்கத்தானே போறேன்," என்றான்.

பிறகு பாறையில் காலால் இரண்டு தட்டுத் தட்டினான். ஒட்டகம் நகர்ந்தான்.