கழற்றாத கையுறை

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல. பக்கத்து வீட்டு ஓரெஸ்ட் ஹ்னாட்டியுக், தன் வாசல் பனியோடு என் வாசல் பனியையும் தள்ளிக்கொண்டே சொன்னது. அவன் சொல்லச் சொல்ல நான் மனதுக்குள் முதல் வரியைத் தேடிக்கொண்டிருந்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முதல் வரி: ‘கனடாவின் சஸ்காச்சுவானில் கோதுமை வயல்களுக்கு நடுவே, உறைந்த குட்டையில் ஹாக்கி மட்டையோடு ஒரு சிறுவன்...’

(வேண்டாம். இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள்.)

2

நேராகவே சொல்கிறேன். ஓரெஸ்ட் சம்பளத்துக்கு ஐஸ் ஹாக்கி ஆடியவன். கோல் போட அல்ல. தன் அணிக்காரனை எவனாவது இடித்தால் அவனை உதைக்க. அந்த அடிதடிக்கும் ஒரு மரியாதை உண்டு. “வர்றியா?” என்று கேட்க வேண்டும். எதிராளி உடம்பு சரியில்லை என்றால் விட்டுவிட வேண்டும்.

ஒரு தொடரின் கடைசி ஆட்டத்தில் லைல் டெசியே என்பவனிடம் கேட்டான். இன்றைக்கு வேண்டாம், இடது தோள் சரியில்லை என்றான் லைல். அடுத்த வருடம் அணியில் வைத்திருப்பார்களோ மாட்டார்களோ என்ற பயத்தில் இருந்த ஓரெஸ்ட், காதில் விழாதது போல அடித்தான். லைல் அதற்குப் பிறகு ஆடவே இல்லை.

(ஓரெஸ்டை நல்லவனாக்க, நோயாளி அம்மா ஒருத்தியைச் சேர்த்துப் பார்த்தேன். அவன் அம்மா கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள். எடுத்துவிட்டேன்.)

3

தொடர் முடிந்ததும் இரண்டு அணிகளும் வரிசையில் வந்து வெறுங்கையால் கைகுலுக்குவது வழக்கம். லைல் தோளில் கட்டோடு, சாதாரணக் காலணியில் பனித்தளத்தில் இறங்கி வந்து வலது கையை நீட்டினான். ஓரெஸ்ட் கையுறையோடு கொடுத்தான். அரங்கமே ஊளையிட்டது.

திமிரா என்று கேட்டேன். பனி தள்ளுவதை நிறுத்தினான்.

“அவனை அடிச்ச கைப்பா. விரல் முட்டியெல்லாம் அவன் ரத்தம். அதை எப்படி நீட்டுவேன்? சண்டைக்குன்னா மட்டும் கையுறையை நொடியில கழட்டிப் போடத் தெரிஞ்சுது.”

(இங்கே ஓர் உவமை இருந்தது. கேவலமாக இருந்தது.)

4

வரும் சனிக்கிழமை ஊர் அரங்கில் பழைய ஆட்டக்காரர்களின் ஆட்டம். லைல் வருகிறான்; ஆட மாட்டான், கைகுலுக்கும் வரிசையில் மட்டும் நிற்பான். கதையிலாவது கையுறையைக் கழற்றிவிட்டதாக எழுது என்று ஓரெஸ்ட் கேட்டான். எழுதினேன். அதில் லைல் அழுதான், ஓரெஸ்ட் அழுதான், எழுதிய நானும் கொஞ்சம்.

அவன் சமையலறையில் உட்கார்ந்து, அவனுக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டினேன். தட்டில் பெரோகிக் கொழுக்கட்டை ஆறிக்கொண்டிருந்தது.

“கிழிச்சிடு,” என்றான்.

“நீதானே கேட்டே?”

“கேட்டேன். கேக்க நிம்மதியாத்தான் இருக்கு. யோவ் எழுத்தாளரே, இதுலயே கழட்டிட்டேன்னா சனிக்கிழமை நான் எதுக்குப் போகணும்?”

கிழித்தேன். இத்தனை வருடம் எழுதியதில் அவ்வளவு கூசிப்போனதில்லை.

5

முடிவு ஒன்று: அவன் போகவில்லை. முதுகுவலி என்று...

முடிவு இரண்டு: லைல் கையை நீட்டவில்லை. அதுவும் நியாயம்தான். ஆனால்...

சரி, சனிக்கிழமை வந்துவிட்டது. ஆட்டம் முடிந்து வரிசை நகர்கிறது. லைல் காலணியோடு நிற்கிறான்; கையை நீட்டிவிட்டான். ஓரெஸ்டுக்கு முன்னால் ஒருவர்தான் பாக்கி. வலது கையை வாயருகே கொண்டுபோகிறான். கையுறையின் விரல்நுனியைப் பல்லால் கடித்து இழுக்கிறானா, மீசையில் வேர்வையைத் துடைக்கிறானா, பின்வரிசையிலிருந்து எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள். பார்த்துக்கொள்ளுங்கள். நான் எழுதினால் எப்படியும் கழற்றிவிடுவேன்.