மெட்டில் விட்ட இடம்

கீபோர்டு ரிப்பேர்காரருக்கு மனைவி செத்துப் போனபின் மிஞ்சியது ஒரே ஒரு மெட்டு. உடுப்பு, கடிகாரம், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் மகள் எடுத்துப் போய்விட்டாள். மெட்டை எப்படித் தூக்கிப் போவது? அதற்குச் சொல்லும் கிடையாது, பெயரும் கிடையாது. துணி மடிக்கும்போது மனைவி வாய்க்குள்ளேயே பாடியது. எங்கே பிடித்தாய் என்று இவர் ஒரு நாளும் கேட்டதில்லை. மனுஷன் அப்படியொரு கல்லுளிமங்கன்.

இப்போது சரிசெய்த கீபோர்டு ஒவ்வொன்றையும் அந்த மெட்டை வாசித்துத்தான் சோதிப்பார். வாசிக்காத நேரத்தில் அது எங்கே இருக்கிறது என்ற கேள்வி அவரைக் குடைந்தது. கீபோர்டுக்குள் இல்லை, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பார்த்தவர் அவர். காற்றில் இருந்தால் பக்கத்துக் கடைக்காரனுக்கும் கேட்டிருக்கும். ஆக, தன் மண்டைக்குள்தான். தான் கண்ணை மூடினால் அதுவும் போச்சு. அந்தப் பயத்தில் கணக்கு வழக்கில்லாமல் வாசித்தார். வீட்டில் பேசவும் வேறு ஆளில்லை.

லீவில் வந்திருந்த மகள், டீயோடு கடைக்குள் வந்தவள், முகத்தைச் சுளித்தாள்.

"என்னப்பா, நடுவுல நிக்காம ஓடுறீங்க?"

"எங்க நிக்கணும்?"

அவள் பாடிக் காட்டினாள். அச்சு அசல் தாயின் குரல். பாதியில் நிறுத்தினாள். நீளமாக, ஒன்றுமே இல்லாமல். பிறகு தொடர்ந்தாள்.

"அது அவ மூச்சு வாங்குன இடம்மா. மெட்டுல ஓட்டை விட முடியுமா? நான்தான் ரெண்டு சுரம் போட்டு அடைச்சேன்."

சத்தம் வராத இடமெல்லாம் பழுது என்பது அவர் தொழில் புத்தி. அதை அடைத்தே வயிறு வளர்த்தவர்.

"மூச்சு வாங்கலப்பா. அங்க நிறுத்திட்டு அம்மா உங்களத்தான் பாப்பாங்க, நீங்க எடுத்துப் பாடுவீங்கன்னு. நான் வாயைத் திறந்தா, 'சும்மா இருடி, அது உங்கப்பாவுக்கு விட்டது'ன்னு அதட்டுவாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அப்போதெல்லாம் அவர் ஏதாவது ஒரு கீபோர்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

மகள் ஊருக்குக் கிளம்பியதும் மெட்டை மறுபடி எடுத்தார். அந்த இடத்தில் கையைத் தூக்கிவிட்டு வாயைத் திறந்தார். மனைவியின் பாதிதான் அவர் தலைக்குள் இருந்தது. அவருடைய பாதி எங்குமே இல்லை. கடை நிசப்தமாக இருந்தது. இத்தனை வருஷமும் காத்து நின்ற அவள் காதில் விழுந்தது இதுதான்.