தோற்றவர் மாற்றும் விதி

சிறைச்சாலையின் சந்திப்புக் கூடத்தில் பேச்சுதான் மிகவும் கஷ்டமான காரியம். வெளியே ஓயாமல் வாயாடுகிறவர்கள்கூட அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டவர்கள்போல ஆகிவிடுவார்கள். அவளும் அப்படித்தான். மாதம் ஒரு முறை பேருந்து மாறி மாறி வந்து, பையைக் கொடுத்து, செருப்பைக் கழற்றிக் காட்டி உள்ளே போய் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தால், இருவருக்கும் கிடைப்பது ஒரே ஒரு கேள்விதான்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீ?"

அதற்குப் பிறகு சுவரைப் பார்ப்பார்கள்.

மேசையின் நடுவே மஞ்சள் கோடு ஒன்று வரைந்திருந்தது. கோட்டைத் தாண்டிக் கை போகக்கூடாது. இரண்டு கைகளும் எப்போதும் மேசைமேல் தெரிய வேண்டும். கைக்குட்டைகூடக் கொண்டுவரக்கூடாது. கூடத்தின் ஓரத்தில் ஒரு காவலர் உலவிக்கொண்டே இருப்பார். வாயிலிருந்து விசிலை எடுக்கவே மாட்டார் என்பதால் கைதிகள் அவருக்கு விசில் என்றே பேர் வைத்திருந்தார்கள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். மொட்டைமாடி மோட்டார் அறையில் கூட்டாளியோடு வாய்த்தகராறு முற்றி, கையிலிருந்த ஸ்பேனரால் அடித்துவிட்டான். கூட்டாளிக்கு ஒரு கண் போய்விட்டது. அவன்தான் முதலில் கை ஓங்கினான், நான் தடுக்கத்தான் பார்த்தேன் என்று அண்ணன் கோர்ட்டில் சொன்னான். அன்று அவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய் அந்த அறை வாசலில் நின்றிருந்தவள் அவள். கூண்டில் ஏற்றி, முதலில் கை ஓங்கியதாக நீ பார்த்தது யாரை என்று கேட்டார்கள். அண்ணனை என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அண்ணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். பார்க்க வருவதற்கு மிஞ்சியது, சாட்சி சொன்ன தங்கை மட்டும்தான்.

அந்தப் பேச்சை அண்ணன் எடுத்ததே இல்லை. எடுத்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவளுக்கு வேலை, கைபேசியில் ஆடும் விளையாட்டுகளுக்கு விதிகள் எழுதுவது. எத்தனை உயிர், எப்போது தோற்பது, தோற்றவனை எப்படி மறுபடி ஆடவைப்பது என்பதெல்லாம் அவள் பொறுப்பு. அலுவலகத்தில் 'விதிக்காரி' என்பார்கள். "அண்ணன் உள்ள, தங்கச்சி விதிக்காரி, பேரு பொருத்தமாத்தான் இருக்கு" என்று ஒருவன் கிண்டல் செய்தபோது அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

விளையாட்டு என்றால் என்ன என்று அவள் நிறையப் படித்திருந்தாள். தரையில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு உள்ளே நின்றால், வட்டத்துக்குள் வேறு உலகம், வேறு சட்டம். வெளியே முதலாளியாக இருப்பவன் உள்ளே திருடனாகலாம். ஒரே நிபந்தனை, நுழைகிறவன் தானாக நுழைய வேண்டும்; போதும் என்றால் போக முடிய வேண்டும். பொருள் எதுவும் கொண்டுபோக முடியாத அந்த மேசையில் அப்படி ஒரு வட்டம் போட முடியுமா என்று பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தாள். பத்து விரல்களை மட்டும் யாரும் வாசலில் பறித்துக்கொள்வதில்லையே என்று தோன்றியது.

"அண்ணா, ஒரு ஆட்டம் ஆடலாமா?"

அவன் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல நிமிர்ந்தான்.

"பத்து மாடிக் கட்டடம். ரெண்டு பேரும் தரையில நிக்கிறோம். மூணு எண்ணினதும் ஒரு கையில விரலைக் காட்டணும், ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும். யாரு காட்டினது சின்ன எண்ணோ அவங்க அத்தனை மாடி ஏறலாம். ரெண்டு பேரும் ஒரே எண்ணைக் காட்டிட்டா ரெண்டு பேரும் தரைக்கு வந்துடணும். முதல்ல பத்தாவது மாடிக்குப் போறவங்க ஜெயிச்சாங்க."

"அப்போ எப்பவும் ஒண்ணே காட்டினா போச்சு."

"நானும் ஒண்ணு காட்டினா?"

அவன் சற்று யோசித்தான். பிறகு முகம் இறுகியது.

"வேணாம். எழுந்திருன்னா எழுந்திருக்கிறேன், உட்காருன்னா உட்காருறேன். நாள் பூரா எவனோ போட்ட விதியிலதான் இருக்கேன். இதுல நீ வேற வந்து விதி போடுறியா?"

அவளுக்குச் சுருக்கென்றது. வட்டத்தைப் பற்றி வாய்கிழியப் பேசுகிறவள், நுழைகிறவனைக் கேட்காமலே கோடு போட்டுவிட்டாள். அந்த மாதம் அத்தோடு முடிந்தது.

அடுத்த முறை வந்து உட்கார்ந்ததுமே சொன்னாள்: "ஆட்டத்துல ஒரு திருத்தம். தோத்தவங்க அடுத்த ஆட்டத்துக்கு ஒரு விதியை மாத்தலாம். எதை வேணா. ஜெயிச்சவங்க வாயைத் திறக்கக்கூடாது."

"எதை வேணாவா?"

"எதை வேணா."

அண்ணன் கையை மேசைமேல் வைத்தான்.

முதல் ஆட்டத்தில் இருவரும் இரண்டு காட்டினார்கள். மறுபடி இருவரும் மூன்று. மறுபடி இருவரும் ஒன்று. ஒரே வயிற்றில் பிறந்த வினை, மாடியேறவே முடியவில்லை. தரைக்கும் தரைக்குமாக விழுந்துகொண்டிருந்தார்கள். நான்காம் முறையும் அதே கதை ஆனபோது அண்ணன் சிரித்தான். அவனுடைய பல்லை அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. விசில் திரும்பிப் பார்த்தார்.

ஒருவழியாக மாடியேறத் தொடங்கி, கடைசியில் அவன் தோற்றான். வேண்டுமென்றே தோற்றான் என்பது அவளுக்குத் தெரியும், தொழில் அது.

"மாத்தலாம்ல?"

"மாத்து."

"ரெண்டு பேரும் அஞ்சு காட்டினா மட்டும் தரைக்கு வர வேண்டாம். லிஃப்ட் வந்துடுச்சுன்னு அர்த்தம். நேரா மொட்டைமாடி. ரெண்டு பேருமே ஜெயிச்சாச்சு."

அவள் அசந்துபோனாள். ஐந்து காட்டுகிறவன் தனியாக மாட்டினால் வேறு எதைக் காட்டினாலும் எதிராளிதான் ஏறுவான். மற்றவனும் ஐந்து காட்டுவான் என்று நம்பினால்தான் லிஃப்ட். ஒருவரை ஒருவர் நம்பவைக்கும் ஆட்டமாக அதை ஒரே வரியில் மாற்றிவிட்டான். அவள் அலுவலகத்தில் ஆறு பேர் கூடி உட்கார்ந்தாலும் இவ்வளவு சுருக்கமாக வராது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

அவள் ஐந்து விரலையும் விரித்தாள். அவன் ஒரு விரலைக் காட்டினான்.

"நம்பிட்டியா?" என்றான் மெதுவாக. சிரிக்கவில்லை. "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் அவளுடைய கை விரிந்தபடியே கிடந்தது. அவள் கூண்டில் சொன்னதைப் பற்றி இத்தனை காலம் மூடிவைத்திருந்ததை அவன் ஒரு விரலால் சொல்லிவிட்டான். கையை மூடி, மறுபடி எண்ணினாள். இம்முறை அவள் ஒன்று காட்டினாள். அவன் ஐந்து காட்டியிருந்தான்.

இருவரும் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தபோது விசில் ஊதினார்.

"என்னது அது, கை சாடை? எந்திரி!"

"விளையாட்டுதான் சார்..."

"எது விளையாட்டு? அப்பத்திலேருந்து பாத்துட்டுதான் இருக்கேன். எழுந்திரும்மா, நேரம் முடிஞ்சுது."

அண்ணனை முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த மாதம் அவள் வந்தபோது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரகசிய சைகையில் தகவல் பரிமாறினான் என்று எழுதி, சந்திப்பை நிறுத்தி, தனி அறையில் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னார்கள். நல்லது செய்யப் போய்ப் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலாவது அவனுக்கு இந்த மாதம் ஒரு முகம் பார்க்கக் கிடைத்திருக்கும்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. கண்காணிப்பாளரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வெளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். போகச் சொன்னார்கள், போகவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து வந்த கண்காணிப்பாளர், நடுவயதுப் பெண்மணி, இவள் இன்னும் அங்கேயே இருப்பதைப் பார்த்து, உள்ளே வா என்று கண்ணைக் காட்டினார்.

"மேடம், அது சைகை இல்ல. நான் எழுதின ஆட்டம். நீங்க ஒரு தடவை ஆடிப் பாருங்க, உங்களுக்கே தெரிஞ்சிடும்."

"நான் ஆடணுமா?" கண்காணிப்பாளர் கதவருகே நின்ற விசிலைப் பார்த்தார். விசில் கூரையைப் பார்த்தார்.

விதிகளைக் கேட்டுக்கொண்டு, தொப்பியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஆடினார். ஏழாவது மாடிவரை ஏறி, ஒரே எண்ணில் மாட்டித் தரைக்கு விழுந்தபோது "அடச்சே!" என்று மேசையைத் தட்டினார். இன்னொரு முறை ஏறினார். கடைசியில் தோற்றார்.

"தோத்தா நான் ஒரு விதியை மாத்தலாம், அப்படித்தானே?"

"ஆமா மேடம்."

"விரல் கூடாது. வாயால சொல்லணும், சத்தமா. காவலருக்குக் கேக்கணும். அப்படின்னா உங்க மேசை மட்டும் இல்ல, எந்த மேசையிலயும் யாரு வேணா ஆடிக்கட்டும்." தொப்பியை மாட்டிக்கொண்டார். "உங்க அண்ணனைத் தனி அறையிலேருந்து எடுத்துடுறேன். அடுத்த மாசம் வாங்க."

அவள் கைகூப்பினாள். காலில் விழாத குறை.

அடுத்த மாதம் கூடத்துக்குள் நுழைந்தபோது ஒரே இரைச்சல். "ரெண்டு!" "நாலு!" என்று மேசைக்கு மேசை கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவரும் மகனும் ஒரே எண்ணைச் சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்கள். விசில் நடுவில் நின்று யாரோ கேட்ட சந்தேகத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அவள் எழுதிய எந்த விளையாட்டும் இப்படி ஒரு கூடத்தை நிறைத்ததில்லை.

அண்ணன் வந்து உட்கார்ந்தான். இளைத்திருந்தான். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"ஆடலாமா?" என்றாள்.

"இல்ல."

"ஏன்?"

"விதியை மாத்தினது நீயும் இல்ல, நானும் இல்ல. இப்போ இது அவங்க ஆட்டம். மணி அடிச்சா சாப்பிடுற மாதிரி, இதையும் ஆடணும்." சுற்றிலும் பார்த்தான். "அவங்க சந்தோஷமா இருக்காங்க. இருக்கட்டும். எனக்கு வேணாம்."

வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு அந்தச் சுவருக்குள் கிடைத்த ஒரே இடம் அதுதான் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் வற்புறுத்தவில்லை. மறுபடி சுவரைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்தாள்.

"அன்னைக்கு நீ வாசல்ல நின்னே" என்றான் அவன். "என்ன பாத்தே? கோர்ட்ல சொன்னதை விடு. என்கிட்ட சொல்லு."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"உன் முதுகைப் பாத்தேன். உன் கை மேல போறதைப் பாத்தேன். அவரை நீ மறைச்சுட்டு இருந்தே. அவர் கையில என்ன இருந்துச்சு, அவர் ஓங்கினாரா, எதுவும் தெரியல அண்ணா."

"மறைச்சுட்டு இருந்தேன்னு அங்க சொல்லலையே?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னாங்க."

"கேக்காததையும் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்" என்றாள்.

பக்கத்து மேசையில் யாரோ "அஞ்சு!" என்று கத்தினார்கள். அண்ணன் அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தான். பிறகு கைகளைப் பார்த்தபடி சொன்னான்:

"தனி அறையில அதையேதான் ஓட்டிப் பாத்துட்டு இருந்தேன். அவன் முதல்ல ஓங்கினானா, நான் ஓங்கினேனா. நூறு தடவை பாத்தாலும் எனக்கே தெரியல. அவன்தான்னு அடிச்சுச் சொன்னேன். இப்போ தெரியல."

அவள் கை தானாக முன்னால் நகர்ந்து மஞ்சள் கோட்டின் விளிம்பில் நின்றது. அவனுடைய கையும் அந்தப் பக்கம் வந்து நின்றது. விசில் பார்த்தார். அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

மணி அடித்தது. "அண்ணிக்கு ஒரு போன் போடு" என்றான் எழுந்துகொண்டே. "வரச் சொல்லாதே. பிள்ளை எப்படி இருக்கான்னு மட்டும் கேளு."

வெளியே வரும் வழியில் இரண்டு இரும்புக் கதவுகள். முதல் கதவு பூட்டிய பிறகுதான் இரண்டாவது திறக்கும். இரண்டுக்கும் நடுவே பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தோளோடு தோள் நெருக்கி நின்றார்கள். காற்றே இல்லை. சாவிக்காரர் எங்கோ போயிருந்தார்.

"நீங்கதானே இந்த ஆட்டத்தைக் கொண்டாந்தது?" என்று பக்கத்திலிருந்த பெண் கேட்டாள். "நான் இன்னைக்கு என் வீட்டுக்காரரை ரெண்டு தடவை ஜெயிச்சேன். நீங்க?"

"நாங்க இன்னைக்கு ஆடல."

"ஐயோ, ஏன்? பேசவே நேரம் சரியாப் போயிடுச்சா?"

"ஆமாக்கா" என்றாள் அவள்.

சாவிக்காரர் இன்னும் வரவில்லை. அவள் கதவைப் பார்த்தபடி, அண்ணியிடம் முதல் வார்த்தை என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றாள்.