வாய்க்குள் போன குஞ்சு

சிசிலியா சிஸ்டர் ஊருக்குப் புறப்பட்ட அன்று மீன் தொட்டியின் பக்கத்துச் சுவரில் ஒரு தாளை ஒட்டினார். அய்யாசாமி எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் என்பதால் ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை பருமனில் இருந்தது. மொத்தம் ஏழு வரி. நான்காவது வரிக்குக் கீழே மட்டும் சிவப்பு மையில் கோடு: 'வாயில் கொள்ளும் எதையும் இவை விழுங்கிவிடும். இரை தவிர வேறு சின்ன மீனை இவற்றோடு விட்டு வைக்காதீர்கள்.'

"வாசிச்சிட்டீங்களாண்ணே?"

"வாசிச்சுட்டனுங்க சிஸ்டரம்மா."

"இருவது நாளு. இதுகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் கல்யாணப் பந்தல்லயே உக்காந்து அழுதுருவேன், பாத்துக்கிடுங்க."

சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் மாடிப்படி இறங்கினார். பாளையங்கோட்டையில் தங்கை மகளுக்குக் கல்யாணம். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸின் இரண்டாம் மாடி வீட்டுச் சாவி அய்யாசாமியின் இடுப்பு முடிச்சுக்குள் போயிற்று.

அய்யாசாமி தருமபுரிப் பக்கத்து ஆள். டில்லிக்கு வந்து பதின்மூன்று வருஷம் செங்கல்லும் சாந்தும் சுமந்தார். போன வருஷம் ஆசியாட் விளையாட்டுப் போட்டிக்காக வேலை நடந்த சமயத்தில் ஒரு கட்டிடத்துச் சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்பு விட்டுப்போனது. இனிமேல் சுமை தூக்கினால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் சிசிலியாதான் தன் வீட்டைப் பெருக்கித் துடைக்கவும் மீனுக்கு இரை போடவும் அவரைக் கூப்பிட்டுக்கொண்டார்.

மீன் என்றால் வளையல் கடை மாதிரி மினுக்குகிற தங்கமீன் இல்லை. ஏதோ ஒரு தூதரகத்துக் குடும்பம் ஊர் திரும்பும்போது விட்டுப்போன ஜோடி. பைக் சிக்லிட் என்று பேர். தென்னமெரிக்க ஆறுகளில் பிறந்தவை. ஒரு சாணுக்கு மேல் நீளம், உலக்கை மாதிரி உருண்ட உடம்பு, மேல்தாடையைத் தாண்டி நீண்ட கீழ்த்தாடை. வால் அடியில் கண்ணைப் போலவே ஒரு கறுப்புப் பொட்டு. எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எதிராளிக்குத் தெரியாது. மூன்று வருஷமாக அவை குஞ்சு பொரிக்கும் என்று சிசிலியா காத்திருந்தார். டூட்டி முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் தொட்டியைத்தான் எட்டிப் பார்ப்பார்.

ஓக்லா பக்கம் யமுனையில் கொசுவலையைப் போட்டு அய்யாசாமி பொடிமீன் பிடித்து வருவார். உப்புக் கரைத்த வாளியில் நாலு நாள் வைத்திருந்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டிரண்டாகத் தொட்டியில் விடுவார். அந்த நேரத்தில் அவருக்கே மூச்சு நின்றுவிடும். பெரிய மீன் அசையாது. நீரில் குச்சியை நட்டது போல நிற்கும். இரையும் தைரியம் வந்து பக்கத்தில் போகும். அவ்வளவுதான். பொடிமீன் இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருக்கும். திறந்த வாயையும் அவர் பார்த்ததில்லை, மூடிய வாயையும் பார்த்ததில்லை. பெண்டாட்டி பொன்னியிடம் இதைச் சொன்னபோது, "நீ குழம்பு சட்டிய காலி பண்றப்பவும் அப்பிடித்தான் இருக்கும்" என்று அவள் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டாள்.

சிசிலியா போன ஐந்தாம் நாள் பெண்மீனின் வயிறு சிவந்தது. குங்குமத்தைக் குழைத்து அப்பினது போல இருந்தது. புண்ணோ என்று அய்யாசாமி கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார். அடுத்த நாள் அது தொட்டிக்குள் கிடந்த மண்குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இரையை விட்டால் எட்டிப் பார்க்கவில்லை. ஆண்மீன் குழாய் வாசலில் காவல்காரன் போல உலாத்தியது. தாளில் இதற்கு வரி இல்லை. ஏழு வரியையும் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தார்.

பதினான்காம் நாள் காலையில் கதவைத் திறந்தவர், துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். குழாய்க்கு வெளியே ஒரு சின்ன மேகம் மிதந்தது. கிட்டப் போய்ப் பார்த்தார். சீரகத்துக்கு உயிர் வந்து வாலும் முளைத்தது போல நூற்றுக்கணக்கில் குஞ்சுகள். அவற்றின் நடுவில் அந்தத் தாய். அந்த வாய்க்கும் அந்தக் குஞ்சுகளுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி.

சந்தோஷப்பட அவருக்கு நேரமில்லை. அந்த வாய் என்ன செய்யும் என்று டில்லியில் அவரைவிடத் தெரிந்தவர் யார்? கைநிறைய இரையைக் கொண்டுவந்து அதற்குக் கொடுத்தவரே அவர்தான். சுவரில் சிவப்புக் கோடு வேறு பார்த்துக்கொண்டிருந்தது. அய்யாசாமிக்கு எழுத்து நாற்பது வயதுக்குமேல் வந்தது. எழுதி வைத்ததை மீறுவது கோயிலுக்குள் செருப்போடு போவதற்குச் சமம் அவருக்கு.

பெரியவற்றை அங்கே இழுக்க, வாளியிலிருந்து ஒரு பொடிமீனை எடுத்துத் தொட்டியின் இடதுகோடியில் விட்டார். குஞ்சுகளை நெருங்க அதற்கு வழியே கிடைக்கவில்லை. தாயும் தகப்பனும் அதை விரட்டிக்கொண்டு கோடிக்குப் பாய்ந்தன. அந்த நேரம் பார்த்து, ஜோடி சண்டை போட்டால் பிரித்துவைக்க வைத்திருந்த நடுக்கண்ணாடியைச் சட்டென்று இறக்கினார். பெரியவை அந்தப் பக்கம், குஞ்சுகள் இந்தப் பக்கம். மக்கில் மொண்டு மொண்டு ஒன்றுவிடாமல் அகலமான பேசினில் சேர்த்தார். சிஸ்டரின் மூன்று வருஷக் காத்திருப்பைக் காப்பாற்றிவிட்டோம் என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அரைமணி போனது. தொட்டியில் டொக்கென்று ஒரு சத்தம். தாய்மீன் நடுக்கண்ணாடியில் மோதியது. பின்வாங்கி மறுபடி மோதியது. இரையைப் பிடிக்க அது இப்படி ஒருநாளும் வந்ததில்லை. இரைக்கு அது காத்திருக்கும். இதில் காத்திருப்பு இல்லை. கீழ்த்தாடையில் தோல் கிழிந்து நூல் போல ரத்தம் நீரில் கலந்தது. பக்கத்தில் பதுங்கியிருந்த பொடிமீனை அது திரும்பியும் பார்க்கவில்லை.

பேசினைப் பார்த்தார். மேகம் கலைந்துபோயிருந்தது. குஞ்சுகள் மூலைக்கு ஒன்றாகச் சிதறி, அடியில் படிய ஆரம்பித்திருந்தன. முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து விட்டுப் பார்த்தார். தொடவில்லை. மத்தியானம் சாய்வதற்குள் பத்துக்கு மேல் செத்து வெளுத்துவிட்டன. தொட்டியில் டொக், டொக் என்று அது நிற்கவே இல்லை.

இங்கே வைத்தால் சாவது நிச்சயம். அங்கே விட்டால் அந்த வாய். யாரிடம் போய்க் கேட்பது? அய்யாசாமி தரையில் உட்கார்ந்து தாளை இன்னொரு தடவை எழுத்துக் கூட்டினார். வாயில் கொள்ளும் எதையும். எதையும் என்றால் இதையுமா? எழுதின சிஸ்டரே இந்த ஜோடி குஞ்சு பொரித்துப் பார்த்ததில்லையே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

எழுந்தார். இருந்ததிலேயே துவண்டுபோன ஒரு குஞ்சை மக்கில் மொண்டு, தாய் இருந்த பக்கம் மெல்லச் சரித்தார். குஞ்சு நீந்தத் தெம்பில்லாமல் தலைகீழாக இறங்கியது. தாய்மீன் திரும்பியது. இந்தத் தடவை அவர் வாய் திறப்பதைப் பார்த்தார். திறந்தது, மூடியது. குஞ்சைக் காணோம்.

மக்கு கையிலிருந்து நழுவியது. நானே கொடுத்துவிட்டேன் என்று அவர் வாய் தானாக முணுமுணுத்தது.

தாய்மீன் அசையாமல் நின்றது. கன்னம் இரண்டும் லேசாக உப்பி அசைந்தன, வாய் கொப்பளிக்கிற மனுஷிக்கு அசைவது போல. பிறகு சரளைக் கல்லில் இருந்த ஒரு சின்னப் பள்ளத்துக்குப் போய், வாயைத் தாழ்த்தி, ஊதியது. குஞ்சு வெளியே வந்தது. வாலை ஆட்டியது. நிமிர்ந்து நீந்தியது.

அய்யாசாமிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கல்லைக் கடித்துத் துப்புகிற தாடை அது. எத்தனையோ உயிரை அவர் கண்முன்னாலேயே இல்லாமல் ஆக்கிய வாய். அதே வாய்க்குள் போன உயிர் முழுசாக, இன்னும் கொஞ்சம் தெம்பாகவே, வெளியே வந்திருக்கிறது. அவர் கைகள் தாமாகக் குவிந்தன. அப்புறம்தான் வேலை ஞாபகம் வந்தது. முதல் வேலையாக அந்தப் பொடிமீனை வலையில் அள்ளி வெளியே எடுத்தார். நடுக்கண்ணாடியைத் தூக்கினார். மீதிக் குஞ்சுகளை மக்கு மக்காக ஊற்றினார். தாயும் தகப்பனும் ஓடி ஓடி, கீழே விழுந்ததையெல்லாம் வாயில் எடுத்து எடுத்துக் குழாய் வாசலில் சேர்த்தன. வெளுத்துப்போனவற்றை மட்டும் தாய் எடுத்துப் பார்த்து, ஓரமாகத் துப்பிவிட்டது. அவை பதினேழு. அவற்றை அவர் எறியவில்லை. ஈரத் துணியில் சுற்றி வைத்தார்.

அதற்கு ஆறாம் நாள் சாயங்காலம் சிசிலியா வந்து சேர்ந்தார். ரயில் புழுதி முகத்தில் அப்படியே இருந்தது. வாசலிலேயே அய்யாசாமி காய்ந்துபோன அந்தத் துணியை நீட்டி, நடந்ததை ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பிரித்தது, செத்தது, தாளை மீறினது, எல்லாம். இனிமேல் வேண்டாம் என்றால் சாவியை வாங்கிக்கொள்ளட்டும் என்று இடுப்பு முடிச்சை அவிழ்க்கவும் செய்தார்.

சிசிலியா துணியைப் பிரித்துப் பார்த்தார். ஒவ்வொன்றாக விரலால் எண்ணினார்.

"பதினேழா?"

"பதினேழுங்க. எம்மேலதான் தப்பு."

"நான் எழுதினத நீங்க வாசிச்சீங்க. எழுதினவளுக்கே தெரியல, வாசிச்சவர என்ன சொல்ல?" என்றவர், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எங்க ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டுலயும் பிள்ளைய எடுத்து வேற ரூம்புலதாம்ணே போடுதோம். பிள்ளைக்கு நல்லதுன்னுதான். பெத்தவ ராவெல்லாம் கதவப் பாத்துக்கிட்டே கெடப்பா."

சாவியை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்காமலே உள்ளே போனார். அறை இருட்ட ஆரம்பித்திருந்தது. ஸ்விட்சைத் தேடிப் போன அவர் கையை அய்யாசாமியின் குரல் நிறுத்தியது.

"வெளக்கு போடாதீங்க சிஸ்டரம்மா. அது கூப்புட்டுக்கிட்டு இருக்குதுங்க."

தாய்மீன் குழாய் வாசலில் நின்று முதுகுத் துடுப்பைச் சட்சட்டென்று சொடுக்கியது. ஒவ்வொரு சொடுக்குக்கும் தொட்டியின் மூலைமுடுக்கிலிருந்து குஞ்சுகள் திரும்பின. கண்ணாடி ஓரத்தில் மேய்ந்தவை, மேலே குமிழியோடு விளையாடியவை, எல்லாம் ஒரே கோடாக இறங்கி அதன் வயிற்றடி வழியாக இருட்டுக்குள் போயின. கடைசியாக ஒன்று மட்டும் பராக்குப் பார்த்துக்கொண்டு நின்றது. தகப்பன் போய் அதை வாயில் எடுத்துக்கொண்டு வந்தது.

சிசிலியா மண்டியிட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு அய்யாசாமியும் உட்கார்ந்தார்.