நல்லேர்ச் சோறு

பூதப்பாண்டியிலிருந்து வரும் பத்து மணி பஸ் பாலத்தைத் தாண்டியதும் நேசம்மாள் வரப்பில் எழுந்து நின்றாள். கையில் மூடிபோட்ட சின்ன அலுமினியத் தூக்கு. அதில் ஒரு சிரட்டை அளவுக்குக் குழைய வெந்து மசித்த சோறு, மேலே அவித்த முட்டை ஒன்று. வறண்ட வாய்க்காலுக்குள் பதினோரு பெண்களோடு ஒற்றை ஆம்பிளையாக நின்று வண்டல் வாரிக்கொண்டிருந்தான் அவள் புருஷன் குமாரதாஸ்.

"ஏலே குமாரதாசு, ஒனக்க அம்மை வந்தாச்சு. போயிப் பால் குடிச்சிட்டு வா," என்றாள் சொர்ணம்மாள். வாய்க்கால் முழுக்கச் சிரித்தது. குமாரதாசும் சிரித்தான். ஒரு மாதமாக இந்தச் சிரிப்பைத்தான் அவன் சிரித்துக்கொண்டிருக்கிறான். கோபப்பட்டால் நாளைக்கு இதைவிடப் பெரிதாகச் சொல்வார்கள்.

தாழைப் புதரின் நிழலில் உட்கார்ந்து அவன் மென்றான். அவள் எதிரே குந்தி அவன் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா. கூழாக்கித்தான் உள்ள விடணும்."

"தண்ணி தாயேன் கொஞ்சம்."

"இப்போ இல்ல. அரை மணிக்கூர் ஆவட்டு."

ஏழு வருஷம் வயிற்றெரிச்சலோடு மரச்சீனிக் கிழங்கும் வற்றல்மிளகாயும் தின்று ஏர் பிடித்தவன் அவன். மாசி அறுப்பு வரைகூடத் தாங்கவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் களத்தில் வைக்கோல் உதறும்போது ரத்தமாகக் கக்கிவிட்டான். மேற்கே மிஷன் ஆஸ்பத்திரியில் வயிற்றில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தார்கள். எண்சாண் உடம்புக்கு ஒரு சாண் வயிறு என்பார்கள். அவனுக்கு அந்த ஒரு சாணும் போயிற்று. வீட்டுக்கு அனுப்பும் நாளில் சிஸ்டர் ஒரு சிரட்டையை நேசம்மாள் கையில் கொடுத்து, இனி உன் வீட்டுக்காரருக்கு வயிறு இவ்வளவுதான் என்றார். ஒரு நாளைக்கு ஆறு தடவை, தடவைக்கு ஒரு சிரட்டை. மிளகாய் கூடாது, மரச்சீனி கூடாது, இனிப்பு ஆகவே ஆகாது. சோற்றோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. தின்ற பின் சற்று நேரம் ஓய வேண்டும். எந்தக் கல்யாணவீட்டிலும் எவர் வற்புறுத்தினாலும் வயிறு நிறையத் தின்னக் கூடாது. இப்படி இருந்தால் தலை நரைக்கும்வரை வாழலாம் என்றார்.

நேசம்மாள் அதை வேதபாடத்தைப் போல மனப்பாடம் பண்ணிக்கொண்டாள். வீட்டில் கடிகாரம் கிடையாது. விடியலுக்குக் கோயில் மணி, பத்துக்குப் பஸ், மத்தியானத்துக்குப் பள்ளிக்கூட மணி என்று ஆறு வேளைக்கும் ஒவ்வொரு அடையாளம் பிடித்து வைத்திருந்தாள். வாய்க்கால் வேலைக்கு அரைக்கூலியாகக் கிடைக்கிற நெல் அவன் பானைக்குத்தான் காணும். இரண்டு கோழி இடுகிற முட்டை அவனுக்கு. அவள் காலையிலும் மாலையிலும் மரச்சீனியைத் தின்றுகொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது தொண்ணூறு ராத்தல் எடை இருந்தவன், போன வாரம் காட்டப்போனபோது நூற்றுப் பன்னிரண்டு. சிஸ்டர் அவளைத்தான் மெச்சினார். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நடக்கும்போது நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

அவன் கடைசிக் கவளத்தை மெல்லும்போது பண்ணையின் காரியக்காரர் கிருஷ்ணமணி குடையோடு வரப்பில் வந்தார்.

"குமாரதாசே, திங்கக்கெழமை நல்லேர். ஒனக்குத் தெரியுமில்லா, ஒரு சோடி மாட்டை ஐயா வித்தாச்சு. இந்த வருசம் நாலு ஏர்தான். ஆளு அஞ்சு."

"நான் பிடிப்பேன், காரியக்காரரே. தெம்பு வந்தாச்சு."

"எனக்கிட்ட சொல்லி என்ன. ஐயா இலையப் பாத்துல்லா ஆளு எடுப்பாரு." அவர் தூக்கை எட்டிப் பார்த்தார். "இதாக்கும் சாப்பாடா? எங்க வீட்டுப் பூனை இதவிட அதிகம் திங்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏர்க்காரனுக்குத்தான் குடியிருப்பு, கேட்டியா. வேற எடம் பாத்து வச்சுக்க."

அவர்கள் குடிசை பண்ணையின் தென்னந்தோப்பில் இருந்தது. குமாரதாஸின் அப்பன் ஏர் பிடித்த காலத்தில் கட்டியது. ஏர் போனால் மிஞ்சுவது அரைக்கூலிதான், அந்த அரைக்கூலியைச் சமைக்க அடுப்பும் இருக்காது.

சிவதாணு பிள்ளையின் பண்ணையில் நல்லேர் அன்று, வருஷத்தின் முதல் ஏர் பூட்டும் நாளில், ஒரு வழக்கம் உண்டு. பூசை முடிந்ததும் ஏர்க்காரர்களுக்குத் தொழுவத்தின் முன்முற்றத்தில் இலை போட்டுச் சோறு விளம்புவார்கள். பிள்ளை இலைகளுக்கு நடுவே நடந்து பார்ப்பார். மூன்று தடவை சோறு வாங்கிப் பாயசத்தோடு இலையை வழித்தவன் அந்த வருஷத்துக்கு முழு ஆள். இலையில் மிச்சம் வைத்தவனுக்கு நோய் என்று அர்த்தம். மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல மனிதனுக்கு இலை. அவர் அப்பாவும் இப்படித்தான் ஆள் எடுத்தார். தவறி எடுத்ததாக ஒருவரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவர்கள் வேறு ஊருக்குப் போயிருப்பார்கள்.

சனிக்கிழமை நேசம்மாள் ஆஸ்பத்திரிச் சீட்டைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு பண்ணை வீட்டுக்குப் போனாள். பிள்ளை கண்ணாடி போட்டு அதை இரண்டு தடவை வாசித்தார். ஆபரேஷனுக்குப் போகும்போது அவர்தான் வண்டி கட்டிக்கொடுத்து ஐந்து ரூபாயும் தந்தார். கெட்டவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

"வேலை செய்யலாம்னு போட்டிருக்கே. நல்லதுதான."

"செய்வாவ, ஐயா. கொஞ்சம் கொஞ்சமா ஆறு மட்டம் திங்கணும், அவ்வளவுதான். நான் வரப்புலயே கொண்டு குடுப்பேன். ஒரு ஏரு மாட்டுக்குத் தண்ணி காட்டுக நேரம்தான் ஆவும்."

"ஆறு மட்டம் ஏரை நிறுத்தினா மத்த மூணு பேரு சும்மாவா நிப்பான்? அவனும் பீடி வலிக்க ஒக்காருவான்." சீட்டை மடித்து அவளிடமே நீட்டினார். "இஞ்ச பாரு பிள்ளை, தின்னுக கைதான் சோலி செய்யும். இது எங்க அப்பா சொன்னது. டாக்டருக்கு வயித்தத் தெரியும், வயலு தெரியாது. திங்கக்கெழமை இலையில ஒக்காரட்டும். பாப்போம்."

அவள் சீட்டை மறுபடி முந்தியில் முடிந்தாள். கும்பிட்டுவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் குடிசை வாசலில் இரண்டு பேருக்கும் சண்டை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவனிடம் இப்படிப் பேசினதில்லை.

"ஒரு நாள்தானே, ஏட்டி. ஒரே ஒரு நாள். பெறகு பழையபடி ஒனக்க சிரட்டைதான்."

"ஒரு நாளும் கூடாதுன்னு சிஸ்டர் சொல்லிச்சு. உள்ள தையல் போட்டிருக்கு. இனிப்பு போனா நெஞ்சு படபடக்கும், வேர்த்துக் கொட்டும், விழுந்திருவீங்கன்னு சொல்லிச்சா இல்லியா?"

"சிஸ்டர் நமக்கு வீடு தருமா?"

அடுப்பில் அவனுக்கான ஐந்தாவது வேளைக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அதைக் கிளறியபடி, "எங்கயாவது போவோம். புதுக்கடைப் பக்கம் எனக்க தங்கச்சி இருக்கா," என்றாள்.

"அங்க போயி? அரை வயித்துக்காரனுக்கு எவன் சோலி தருவான்? இஞ்சயாவது அப்பா பேரு இருக்கு." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வாய்க்கால்ல பொம்பளைங்களோட நிக்கது எனக்கு வெக்கமா இருக்கு, நேசம்மா. இத நான் யாருகிட்ட சொல்லுவேன்."

அவள் கஞ்சியைச் சிரட்டையில் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

திங்கட்கிழமை விடியலுக்கு அவள் நீட்டிய கஞ்சியை அவன் வாங்கவில்லை. பத்து மணிக்கும் வேண்டாம் என்றுவிட்டான். உள்ளே இடம் வேண்டும், காலியாக இருந்தால்தான் மூன்று தடவை வாங்கலாம் என்பது அவன் கணக்கு. நல்ல வயிறு உள்ளவனுக்குச் சரியான கணக்குத்தான். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் போடுகிற கணக்கு. வெட்டிய வயிறு பசியோடு விருந்துச் சோற்றைப் பார்த்தால் என்ன ஆகும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். நேசம்மாள் அதையும் ஞாபகப்படுத்தினாள். அவன் துவர்த்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான்.

முற்றத்தில் ஐந்து இலை. குமாரதாஸுக்குப் பக்கத்து இலையில் பொன்னுலிங்கம். நெற்றியில் நீண்ட வெள்ளை நாமமும் தலைப்பாகையுமாக, அவன் கும்பிடும் பதியின் முத்திரிக் கிணற்றுத் தண்ணீரில் குளித்து வந்திருந்தான். இரண்டு பேரும் ஒரே வயதில் மேழி பிடித்தவர்கள்.

"பந்திக்கு முந்துன்னு சும்மாவா சொன்னான்," என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, பொன்னுலிங்கம் குனிந்து உதட்டை அசைக்காமல் பேசினான். "மக்கா, பண்ணையாரு அந்தப் பக்கம் திரும்பும்போ எனக்க இலைக்குத் தள்ளு. நான் பாத்துக்கிடுவேன்."

முதல் சோறு வந்தது. புதுப் பச்சரிசிச் சோறு, பருப்பு, நெய். குமாரதாஸ் மென்றான். சிரட்டை அளவு போனதும் வயிற்றுக்குள் கதவடைத்ததுபோல் இருந்தது. பிள்ளை மறுகோடியில் திரும்பியபோது ஒரு கை சோற்றைப் பக்கத்து இலைக்குத் தள்ளினான். பொன்னுலிங்கம் அதை ஒரே வாயில் போட்டுக்கொண்டான். இரண்டாவது சோற்றுக்குத் தீயல் குழம்பு. மிளகாய்க் காரம் காதுவரை ஏறியது. தண்ணீர் குடித்தான். மூன்றாவது சோறு விழுந்தபோது பிள்ளை அவன் இலைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். நகரவில்லை.

"தின்னு குமாரதாசு. கூச்சப்படாத. ஒனக்க அப்பன் அஞ்சு மட்டம் வாங்குவான்."

அவன் தின்றான். மென்றால் நேரமாகும் என்று உருண்டையாக விழுங்கினான். பாயசம் வந்தது. கருப்பட்டிப் பாயசம், கையால் வழித்து வழித்துக் குடித்தான். இலையில் ஒரு பருக்கை இல்லை. பொன்னுலிங்கம் அவனைப் பார்க்காமல் தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆளு தேறிட்டான்," என்றார் பிள்ளை. உண்மையாகவே அவருக்குச் சந்தோஷம். "குமாரதாசு முதல் ஏரு பிடிக்கட்டும்." விலக்கப்பட்டவன் கடைசி இலைக்காரன் ரசலையன். பல்வலியால் தீயலை ஒதுக்கியிருந்தான். அவன் எழுந்து கைகூடக் கழுவாமல் நின்றான்.

சோறு தின்ற கையோடு ஏர் பூட்ட வேண்டும் என்பது சடங்கு. ஓய்வுக்கு இடமில்லை. சித்திரை வெயிலில் பொடிமண் வயலில் குமாரதாஸ் மேழியை அழுத்தினான். பாதி உழவுச்சாலிலேயே நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கியது. மழையில் நனைந்தவனைப்போல முதுகு முழுக்க வேர்வை. கண்ணுக்கு முன்னால் மாடு இரண்டும் நான்காகத் தெரிந்தன. மேழியைப் பிடித்துக்கொண்டு போகிறானா, மேழி அவனைப் பிடித்துக்கொண்டு போகிறதா என்று சொல்ல முடியாது. மறுகோடிக்கு வந்து மாட்டை நிறுத்திவிட்டுத் தாழைக்குப் பின்னால் போய் மண்டியிட்டான்.

நேசம்மாள் அங்கேதான் நின்றிருந்தாள். அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எல்லாம் வந்தது. மெல்லாமல் விழுங்கிய பருக்கைகள் முழுசு முழுசாக, வெள்ளையாக, பருப்பும் பாயசமுமாக மண்ணில் கிடந்தன. ரத்தம் இருக்கிறதா என்று அவள் விரலால் கிளறிப் பார்த்தாள். இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றாள். காக்கை ஒன்று பக்கத்தில் வந்து இறங்கியது. அவள் காலால் மண்ணைத் தள்ளி மூடினாள்.

"யாரும் பாத்தாவளா?" என்று கேட்டான் அவன். முகம் சாம்பலாக இருந்தது.

"இல்ல. கொஞ்சம் படுங்க."

"ஏரு நிக்குது, ஏட்டி." துவர்த்தால் வாயைத் துடைத்தான். தாழையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். இரண்டாவது தடவை முயன்றபோதுதான் எழ முடிந்தது.

அவன் சாலில் இறங்கிக் கொஞ்ச தூரம் போனபின் கிருஷ்ணமணி வரப்பில் வந்தார். கையில் ஒரு பெரிய வாழையிலைப் பொதி.

"ஐயா ஒனக்குக் குடுத்துவிட்டது. ஏர்க்காரன் பெண்சாதியில்லா இனி." அவரும் சிரித்த முகமாகத்தான் சொன்னார். "பெறகு, நாளையிலேருந்து நீ தூக்கும் கையுமா இஞ்ச வராண்டாம். ஏர்க்காரனுக்கு மத்தியானச் சோறு பண்ணையில விளம்புவாவ. மூணு மட்டம் வாங்கித் திங்கியவனுக்கு நடுவுல கஞ்சி எதுக்குன்னு ஐயா கேட்டாரு. உள்ளதுதானே."

"தெனமுமா, காரியக்காரரே?"

"தெனமும்தான். வாற மாசியில கும்பப்பூ அறுப்பு முடியற வரைக்கும்."

அவர் குடையை விரித்துக்கொண்டு போனார். நேசம்மாள் பொதியை மடியில் வைத்துப் பிரித்தாள். சூடு இன்னும் ஆறவில்லை. சோறும் துவரன் கறியும் தீயலும், ஓரத்தில் தொன்னையில் பாயசமும். நெய் மணந்தது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவள் அரிசிச்சோறு தின்னவில்லை. மண் தள்ளி மூடின இடம் இரண்டு அடி தள்ளி ஈரமாகத் தெரிந்தது. அழுகை வந்தது, அதைவிடப் பசி வந்தது. அவளுக்கு அது அவமானமாக இருந்தது.

அவன் திரும்பி வரும்போது கண்ணில் படக்கூடாது என்று வயலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முதல் பிடியை அள்ளினாள், பிறகு இரண்டாவதை. மெல்லவே நேரமில்லாதவளைப்போல வேகவேகமாகத் தின்றாள். பின்னால் அவன் மாட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது. அடுத்த சாலில் அது இன்னும் தணிந்து கேட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் இலையை வழித்துக்கொண்டிருந்தாள்.